பீட்ரூட் துண்டும் ரோலர் தூளும்
வாசகர் கேள்வி, டீச்சர் பதில்

போன இதழில், விஞ்ஞானம் படிக்காதவர்களும் உயிரியல் பற்றிக் கேட்கலாம் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். நினைத்ததைவிட நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. ஐந்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் கோபிக்க வேண்டாம், அடுத்த மாதமும் எழுதுவேன்.

கேள்வி: வணக்கம் டீச்சர். உயர்தரத்தில் தமிழ், வரலாறு, புவியியல் செய்தேன். இப்போது முதலாம் வருடத்தில் கலைப்பிரிவு மாணவர்களுக்கும் ஓர் அடிப்படை உயிரியல் பாடம் கட்டாயம். கலச்சுவர், குழியவுரு, புன்வெற்றிடம், இழைமணி என்று எழுதி எழுதிப் பாடமாக்குகிறேன். மறுநாள் ஒன்றும் நினைவில் இல்லை. வரலாறு படித்த எனக்கு இதெல்லாம் எதற்கு?
– மாணவி, ஹட்டன்

பதில்: மகள், அந்தப் பட்டியலை முதலில் மூடி வையுங்கள். ஞாயிறு சந்தையில் நல்ல கறுத்த பீட்ரூட் ஒன்று வாங்குங்கள். தோலைச் சீவி, விரல் நுனி அளவுக்குத் துண்டு போடுங்கள். துண்டுகளைப் பைப்பின் கீழே பிடித்து, தண்ணீர் தெளிவாக ஓடும்வரை கழுவுங்கள். இந்தக் கழுவல் முக்கியம், காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இனி இரண்டு கிளாஸ். ஒன்றில் பச்சைத் தண்ணீர், மற்றதில் இப்போதுதான் கொதித்து இறக்கிய தண்ணீர். இரண்டிலும் நாலு நாலு துண்டு போட்டுவிட்டு, கிளறாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள். சுடுதண்ணீர் கிளாஸில் ஒவ்வொரு துண்டிலிருந்தும் சிவப்பு நூல் நூலாக இறங்கும். ஊதுபத்திப் புகையைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் கிளாஸ் முழுவதும் சிவந்துவிடும். பச்சைத் தண்ணீர் கிளாஸ் லேசாக ரோஸ் நிறம் காட்டினால் அதிகம்.

அதே பீட்ரூட், அதே கத்தி. ஏன் இந்த வித்தியாசம்?

சாயம் இருப்பது பீட்ரூட்டின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் இருக்கிற பெரிய நீர்ப்பையில். அந்தப் பைதான் உங்கள் பட்டியலில் இருக்கிற புன்வெற்றிடம். அதைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு. கலத்தைச் சுற்றி இன்னொரு சவ்வு. கொழுப்பும் புரதமும் சேர்ந்த இந்தச் சவ்வுகள், கலம் உயிரோடு இருக்கும்வரை எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று பார்த்துப் பார்த்துத்தான் விடும். சாயத்தை வெளியே விடாது. சூடு பட்டதும் சவ்வு குலைந்துபோகிறது. பிறகு தடுக்க ஆளில்லை, சாயம் வெளியே வருகிறது. கத்தி பட்ட கலங்களும் அப்படித்தான், அவை உடைந்து ஒழுகிவிடும். அந்த ஒழுக்கைப் போக்கத்தான் முதலில் கழுவச் சொன்னேன். (நுவரெலியாவில் இருப்பவர்களுக்கு ஒரு சேதி: கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். இந்தப் பரிசோதனைக்கு அதுவே தாராளம். கடலைப்பருப்பு வேகத்தான் நேரம் எடுக்கும்.)

கலம் என்ற பெயர் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், வரலாறு படித்தவருக்குப் பிடிக்கும். 1665இல் ரொபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேயர் தக்கையை மெல்லிசாகச் சீவி நுணுக்குக்காட்டியில் பார்த்தார். வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். அறை என்ற பொருள் தரும் சொல்லையே அவற்றுக்குப் பெயராக வைத்தார். நமக்கு இதைவிடப் பக்கத்தில் ஓர் உவமை கிடைக்காது. தோட்டத்து வரிசை வீடான லயத்தை எதிர் மலையிலிருந்து பார்த்தால் எப்படி? ஒரு சுவரை இரண்டு வீட்டுக்குப் பங்கு போட்டுக்கொண்டு காம்பிரா காம்பிராவாக நிற்கும் அல்லவா? ஹூக் பார்த்த தக்கை செத்த இழையம். அவர் கண்டது காம்பிராச் சுவரை மட்டும்தான், உள்ளே குடியிருந்தவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். உயிருள்ள கலத்தில் அடுப்பு எரிகிறது, சாமான் வருகிறது, குப்பை வெளியே போகிறது. அந்த அடுப்புத்தான் இழைமணி. நீங்கள் சாப்பிட்ட ரொட்டியிலிருந்து வந்த குளுக்கோசை, நீங்கள் இழுத்த மூச்சின் ஒட்சிசனை வைத்து உடைத்து, கலத்துக்கு வேண்டிய சக்தியை எடுத்துத் தருவது அதன் வேலை. கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறுகிற ஒருவரின் கால் தசைக் கலங்களில் இழைமணிகள் ஏன் அவ்வளவு நிறைய இருக்கின்றன என்பது இப்போது சொல்லாமலே விளங்கும்.

எனக்கு நுணுக்குக்காட்டியில் கண் வைக்கக் கிடைத்தது 19 வயதில்தான். நான் படித்த பாடசாலையில் ஒன்று இருந்தது. கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டியே இருந்தது. பரிசளிப்பு விழாவன்று தூசு துடைப்பார்கள், அவ்வளவுதான். நானும் உங்களைப் போல் பட்டியலைத்தான் பாடமாக்கினேன், உங்களைப் போலவே மறந்தேன். பிறகு ஒருநாள் வெங்காயத்தின் உட்தோலை உரித்து, ஒரு சொட்டு அயடீன் விட்டு, உள்ளே பார்த்தேன். செங்கல் அடுக்கின மாதிரிக் கலங்கள், ஒவ்வொன்றிலும் பழுப்பாக ஒரு புள்ளி. அது கரு. அன்றைக்குப் பார்த்தது இந்த வயதிலும் மறக்கவில்லை. உங்கள் கல்லூரியில் நுணுக்குக்காட்டி இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். பார்த்ததை முதலில் பென்சிலால் வரையுங்கள். பெயர்களைக் கடைசியில் எழுதுங்கள்.

வரலாற்றுக்கும் இதற்கும் என்ன என்று கேட்டீர்கள். கீழே பதுளை வாசகருக்கு எழுதியிருப்பதை அவசியம் படியுங்கள்.

கேள்வி: டீச்சர், நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) வேலை செய்கிறேன். கொழுந்தை உருட்டிக் கசக்குகிற ரோலரிலிருந்து வரும் தூளைப் பரப்பி வைப்பதை நாங்கள் ஃபெர்மென்டிங் என்போம். மகளின் புத்தகத்தில் நொதித்தல் என்றால் மதுவம் (ஈஸ்ட்), அற்ககோல் என்று இருக்கிறது. அப்படியானால் தேயிலையிலும் மதுவம் சேருகிறதா? மகள் கேட்கிறாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
– தொழிற்சாலை ஊழியர்

பதில்: மகளும் சரி, நீங்களும் சரி, அண்ணன். பெயரில்தான் குழப்பம். கள் புளிப்பதும் அப்பத்துக்கு மா பொங்குவதும் நுண்ணுயிர்களின் வேலை. உங்கள் ஸ்டோரில் நடப்பது அது அல்ல. தேயிலைக்குள்ளேயே இருக்கிற ஒரு நொதியம் (என்சைம்) காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து செய்கிற ஒட்சியேற்றம் அது. அந்தக் காலத்தில் யாரோ ஃபெர்மென்டிங் என்று பெயர் வைத்தார்கள், அது அப்படியே நின்றுவிட்டது.

நீங்கள் தினமும் பார்க்கிறதையே கலத்துக்குள்ளிருந்து சொல்கிறேன். கொழுந்துக் கலத்தில் கற்றெக்கின் என்ற துவர்ப்பான பொருள் புன்வெற்றிடத்துக்குள் இருக்கிறது. அதை மாற்றக்கூடிய நொதியம் அதே கலத்தில் வேறோர் இடத்தில். நடுவில் மேலே சொன்ன அதே சவ்வு. செடியில் இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை, கொழுந்து பச்சையாகவே இருக்கிறது. நீங்கள் முதலில் வாட்டுகிறீர்கள். ஈரம் குறைந்து இலை துவண்டு, ரோலருக்குள் நொறுங்காமல் முறுகத் தயாராகிறது. ரோலரில் போட்டதும் இலை கசங்கி, கலம் கலமாகச் சவ்வு கிழிகிறது. கற்றெக்கின், நொதியம், காற்று மூன்றும் ஒன்றாகச் சேருகின்றன. பரப்பி வைத்த தூள் பச்சை மாறிச் செம்பு நிறமாகிறதே, கிட்ட நின்றால் ஆப்பிள் வாசம் மாதிரி ஒன்று வருகிறதே, அந்த நேரத்தில்தான் தேயாஃபிளேவின், தேயாரூபிஜின் என்ற பொருட்கள் உண்டாகின்றன. கோப்பையில் தெரிகிற பளிச்சென்ற நிறம், நாக்கில் படுகிற அந்தச் சுறுக்கு, கடும் சிவப்பு, எல்லாம் அவற்றால்தான்.

அப்புறம் டிரையர். ஈரம் போவதற்கு மட்டும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். டிரையருக்கு இரண்டு வேலை. நொதியம் ஒரு புரதம். முட்டை வெள்ளைக்கரு சூடு பட்டால் கெட்டியாகி, ஆறினாலும் பழையபடி ஆகாதில்லையா? நொதியமும் அப்படித்தான் சூட்டில் உருக்குலைந்து வேலையை நிறுத்திவிடும். நிறுத்தாவிட்டால் தேயிலை பெட்டிக்குள்ளும் மாறிக்கொண்டே போகும். கிறீன் டீக்கு இந்த நிறுத்தத்தை முதலிலேயே செய்துவிடுகிறார்கள். பறித்த கையோடு ஆவியிலோ சட்டியிலோ சூடாக்கினால் நொதியம் போய்விடும், பிறகு எவ்வளவு உருட்டினாலும் இலை சிவக்காது.

மகளுக்கு வீட்டிலேயே காட்டுங்கள். ஒரு கத்தரிக்காயை நறுக்கி, பாதியில் தேசிக்காய்ப் புளி தடவுங்கள், பாதியைச் சும்மா விடுங்கள். சும்மா விட்டது கறுக்கும். அங்கேயும் இதே குடும்பத்து நொதியம்தான். புளிப்பு அதை முடக்கிவிடுகிறது.

இன்னொன்று சொல்ல ஆசை. என் அம்மா 34 வருடம் கொழுந்து பறித்தவர். சாக்கில் கொழுந்தை அமுக்காதே, வெயிலில் வைக்காதே, சிவந்துவிடும் என்று எனக்குச் சின்னதிலேயே சொல்லித் தந்தார். அமுக்கினால் கலம் உடையும், ஸ்டோருக்குப் போகும் முன்பே ஒட்சியேற்றம் தொடங்கிவிடும், சாக்கும் சூடாகும். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சிவந்த கொழுந்துக்காக ஏச்சு வாங்கிய பெண்களுக்கு இந்த உயிரியல் கைப்பழக்கமாகத் தெரிந்திருந்தது. யாரும் அதை அவர்களிடம் உயிரியல் என்று சொல்லவில்லை. உங்கள் மகளின் புத்தகத்தில் இருப்பதும் அதுவேதான் என்று அவளுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: அட்டை கடித்த இடத்தில் ஏன் இரத்தம் நிற்பதில்லை? உப்புப் போட்டால் ஏன் விழுகிறது?
– பத்தாம் ஆண்டு மாணவன், இராகலை

பதில்: தம்பி, அட்டை கடிக்கும்போது குருதி உறையாமல் தடுக்கிற பொருளை உமிழ்நீரோடு விடும். அட்டை விழுந்த பிறகும் அது காயத்தில் இருப்பதால் ஒழுகிக்கொண்டே இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்திருந்தால் போதும், பயப்பட ஒன்றுமில்லை. உப்பு அட்டையின் ஈரத்தோலில் பட்டால் உடம்பிலுள்ள தண்ணீரை வெளியே இழுக்கும். சவ்வு வழியே தண்ணீர் உப்பு கூடிய பக்கம் போகிற இந்தப் போக்குக்குப் பிரசாரணம் என்று பெயர். முள்ளங்கியில் உப்புப் பிசிறினால் தண்ணீர் விடுகிறதே, அதுவும் இதுதான். உப்பைவிட, நகத்தை அட்டையின் வாய்ப்பக்கம் கொடுத்துத் தள்ளி எடுப்பது நல்லது.

கேள்வி: டீச்சர், என் கணவரின் குருதி வகை ஏ. எனக்கு பி. மகளுக்கு ஓ என்று பரிசோதித்துச் சொன்னார்கள். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை, இது எங்கிருந்து வந்தது என்று வீட்டில் ஒரு மாதிரியாகப் பேசுகிறார்கள். நான் படித்தது ஒன்பதாம் ஆண்டு வரைதான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
– ஒரு தாய், மஸ்கெலியா

பதில்: தங்கச்சி, இந்தக் கடிதத்தைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. முதலில் முடிவைச் சொல்கிறேன். ஏ வகை அப்பாவுக்கும் பி வகை அம்மாவுக்கும் ஓ வகைப் பிள்ளை பிறப்பது முற்றிலும் இயல்பு. இந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொண்டு வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

குருதிவகைக்கான பரம்பரையலகு (ஜீன்) நம் ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதியாக இருக்கிறது. ஒன்று அப்பா தந்தது, ஒன்று அம்மா தந்தது. ஏ பிரதி ஒரு நொதியத்தைச் செய்யும். அந்த நொதியம் செங்குருதிக் கலத்தின் மேலே ஒரு வகைச் சீனியை ஒட்டும். பி பிரதி செய்கிற நொதியம் வேறொரு சீனியை ஒட்டும். ஓ பிரதியிலிருந்து வேலை செய்கிற நொதியம் வராது, ஒன்றும் ஒட்டப்படாது. ஆகவே ஒருவரிடம் ஒரு ஏ பிரதியும் ஒரு ஓ பிரதியும் இருந்தால், பரிசோதனையில் ஏ என்றுதான் தெரியும். ஓ இருப்பது வெளியே தெரியாது.

உங்கள் கணவரிடம் ஏ–ஓ இருக்கிறது. உங்களிடம் பி–ஓ. பிள்ளைக்கு இருவரும் ஒவ்வொரு பிரதிதான் கொடுப்பீர்கள். அவர் ஏ, நீங்கள் பி கொடுத்தால் பிள்ளை ஏபி. அவர் ஏ, நீங்கள் ஓ கொடுத்தால் பிள்ளை ஏ. அவர் ஓ, நீங்கள் பி என்றால் பிள்ளை பி. இருவரும் ஓ கொடுத்தால் பிள்ளை ஓ. நாலில் ஒரு வாய்ப்பு. உங்கள் மகளுக்கு விழுந்தது அது. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை என்று சொன்னவர்களிடம் சொல்லுங்கள், அவள் அப்பாவிடமிருந்து ஒரு ஓ, அம்மாவிடமிருந்து ஒரு ஓ வாங்கி வந்திருக்கிறாள் என்று. அடுத்த பிள்ளைக்கும் இதே நாலு வாய்ப்பும் புதிதாகவே தொடங்கும். ஏற்கெனவே ஒன்று ஓ ஆகிவிட்டது, இனி வராது என்று கணக்கில்லை.

மற்ற வீடுகளில் இதை வாசிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. குருதிவகை அட்டையை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணைச் சந்தேகிக்கக் கூடாது. அட்டையில் எழுதும்போது பிழை வரலாம். பரிசோதனையில் ஓ என்று காட்டினாலும் ஏ அல்லது பி பிரதியை மறைத்து வைத்திருக்கும் மிக அரிதான வகையும் உண்டு. 1952இல் பம்பாயில் முதலில் கண்டறிந்ததால் அதற்குப் பம்பாய் வகை என்றே பெயர். குருதி வகைகளைக் கார்ல் லான்ட்ஸ்டைனர் 1901இல் வெளியிட்டது ஆபத்தில்லாமல் குருதி ஏற்ற வழிகாட்டியது. அந்த அறிவை ஒரு தாயை அழவைக்கப் பயன்படுத்துவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் பழைய விதைத் தேயிலை மலை ஒன்றும், வீ.பி. தேயிலை மலை ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. வீ.பி. மலையில் எல்லாச் செடியும் ஒரே நிறம், ஒரே உயரம். விதை மலையில் ஒரு செடியைப் போல இன்னொன்று இல்லை. ஏன்?
– வாசகர், பதுளை

பதில்: இதைக் கண்ணால் பார்த்துக் கேட்டதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். இனப்பெருக்கம் என்ற பாடம் முழுவதும் அந்த இரண்டு மலையில் இருக்கிறது.

தேயிலைப் பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்பது மிகக் குறைவு. வேறு செடியின் மகரந்தம் வேண்டும். ஆகவே ஒவ்வொரு விதையும் இரண்டு செடிகளின் பரம்பரையலகுகள் புதிதாகக் கலந்த பிள்ளை. ஒரே தாயின் பிள்ளைகள் ஒரே மாதிரி இருப்பதில்லை அல்லவா? வீ.பி. தேயிலையை விதை போட்டு வளர்ப்பதில்லை, தண்டிலிருந்து பெருக்குகிறார்கள். நல்ல செடி ஒன்றைத் தெரிந்து, ஓர் இலையும் கணுவும் உள்ள தண்டுத் துண்டை வெட்டி, பொலித்தீன் உறையில் மண்ணிட்டு வேர்விட வைக்கிறார்கள். மலை முழுவதும் நிற்பது உண்மையில் ஒரே செடிதான். தலவாக்கலை சென் கூம்ஸில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தெரிவுசெய்து கொடுத்த டி.ஆர்.ஐ. 2025 போன்ற வகைகளை உங்கள் தோட்டத்திலும் இலக்கம் சொல்லியே கூப்பிடுவார்கள். விளைச்சலும் தரமும் ஒரே சீராக வரும், அது பெரிய நன்மை.

ஆனால் ஒன்றுக்கு ஆகாதது எல்லாவற்றுக்கும் ஆகாது. ஹட்டன் மகளை இங்கே வரச் சொன்னது இதற்காகத்தான். நம் முன்னோர் இந்த மலைக்கு முதலில் வந்தது தேயிலைக்கு அல்ல, கோப்பிக்கு. கோப்பியை விதையிலிருந்துதான் வளர்த்தார்கள். ஆனாலும் இங்கே இருந்த அராபிக்கா வகை பெரும்பாலும் தன் மகரந்தத்தையே ஏற்கும். அதனால் மலைக்கு மலை அநேகமாக ஒரே மாதிரிச் செடிகள். 1869இல் இலைத்துரு என்ற பங்கசு (பூஞ்சை) நோய் தலைகாட்டியது. 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளரை இதை ஆராய அனுப்பினார்கள். பங்கசு பரவ உதவும் தூள் போன்ற வித்திகள் காற்றில் வருகின்றன, இலை ஈரமாக இருக்கும்போது முளைக்கின்றன, இலையின் அடிப்பக்கத்து இலைவாய்கள் என்ற நுண்ணிய துளைகள் வழியே உள்ளே போகின்றன என்று அவர் காட்டினார். காரணம் தெரிந்தது, ஆனால் காப்பாற்ற முடியவில்லை. தடுக்கும் சக்தி உள்ள செடி இருந்திருந்தால் அதுவாவது பிழைத்திருக்கும். எல்லாம் ஒன்றுபோல் இருந்ததால் எல்லாம் விழுந்தன. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் போட்டிருந்த தேயிலை, அதன் பிறகு மலைநாடு முழுவதும் பரவியது. ஒரு பங்கசின் இனப்பெருக்கம் நம் வரலாற்றைத் திருப்பிவிட்டது. வரலாற்றுப் புத்தகத்தில் இது ஒரே வரியில் வரும்.

தேயிலையும் தப்பவில்லை. 1946இல் கொப்புள நோய் இந்தியாவிலிருந்து இங்கே வந்து சேர்ந்தது. அதுவும் பங்கசுதான், அதுவும் மழையும் மூட்டமும் உள்ள நாட்களில் இளங்கொழுந்தைத்தான் பிடிக்கும். மருந்து அடித்தும், நோயைத் தாங்கும் வகைகளைத் தெரிந்தும் சமாளித்தார்கள். அப்படித் தாங்கும் வகையைத் தேடப் போகும்போது எங்கே போவார்கள்? செடிக்குச் செடி வித்தியாசமாக நிற்கிற உங்கள் விதை மலை மாதிரி ஓர் இடத்துக்குத்தான். அதைப் பிடுங்கிவிட்டு நடப் பேசுகிறார்களென்றால், சில செடிகளையாவது விட்டு வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

உங்கள் லயத்துக் கொல்லையில் ஒரு கோப்பிச் செடி எப்படியும் நிற்கும். மழை விட்டு இரண்டு மூன்று கிழமை கழித்து, முற்றின இலை ஒன்றைப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். மேலே மஞ்சள் புள்ளி தெரிகிற இடத்துக்கு நேர் கீழே செம்மஞ்சள் தூள் படிந்திருந்தால், விரலால் ஒரு தடவை தடவிப் பாருங்கள். ஒட்டிக்கொள்ளும். 1869இல் வந்த அதே பங்கசின் வித்திகள் அவை.